ஆலப்புழாவில் நான் அடைத்த உடைப்பு

வாய்க்கால் தண்ணீரில் நெல் போடுகிறவனைத் தயவுசெய்து யாரும் ஊர் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போகாதீர்கள். கூட்டிப் போனாலும் ஓவியம் மாட்டியிருக்கிற இடத்துக்குள் விடாதீர்கள். விட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு கையையும் பின்னால் கட்டி விடுங்கள். யாரோ சொல்லக் கேட்டு இதை எழுதவில்லை. பத்து வருசத்துக்கு முன்னால் ஆலப்புழாவில் ஒரு கலைக்கூடத்துக்குள் புது பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கி வேலை பார்த்த ஆள் நானேதான்.

எனக்கு உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் சொச்சம் வயல். என் மனைவி ஜமீலா அப்போது நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. அவள் நடத்துகிற பாடப்புத்தகத்தில் ஒரு படம் உண்டு. தெரு இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய் ஓடும், வாசல்படியில் படகு கட்டியிருக்கும். அந்தப் பக்கம் வந்தால் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு இவள் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்பாள்.

"ஏங்க, இப்பிடி ஒரு ஊருக்கு நாம ரெண்டு பேரும் போகணுங்க."

"வாய்க்கால் பாக்கவா? கொல்லைக் கதவைத் திற, ஓடுது."

(இதை ஒரு பெரிய நகைச்சுவை என்று நினைத்து வருசத்துக்கு ஒருமுறை, பதினெட்டு வருசம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அவள் சிரிக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.)

அவள் கேட்டது வாய்க்கால் இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் போகாத ஊரா? தேனிக்குப் போனோம், அவள் தங்கச்சி பிரசவத்துக்கு. மதுரைக்குப் போனோம், என் கண்ணுக்கு. ஆண்டிபட்டிக்குப் போனோம், மையத்து வீட்டுக்கு, துக்கம் கேட்க. எங்கே போனாலும் ஒரு காரியம் இருக்கும், திரும்பி வரக் கடைசி பஸ் இருக்கும். எனக்கு வயலில் தண்ணீர் முறையும் இருக்கும்.

"போற இடத்துல ஒரு சோலியும் இருக்கக் கூடாதுங்க," என்று ஒருநாள் அவளே விளக்கமாகச் சொன்னாள். "மெதுவா நடக்கணும். படம் வரைஞ்சு மாட்டியிருப்பாகல்ல, அதை நின்னு பாக்கணும். பொழுது சாயிறப்ப எங்கனயாச்சும் உக்காந்து பாட்டுக் கேக்கணும். ரேடியோவுல இல்ல. நம்ம கண்ணு முன்னால உக்காந்து வாசிக்கணும், நீங்க என் பக்கத்துல இருக்கணும்."

மகள் ரஷீதா கல்லூரி விடுதிக்குப் போன வருசம் வீடு ஓவென்று கிடந்தது. அந்த வெறுமையில்தான் நான் சம்மதித்தேன். புத்தகத்துப் படத்து ஊர் கடல் கடந்து இருந்தது. ஆலப்புழா குமுளி மலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. அங்கேயும் கால்வாய் உண்டு, படகு உண்டு. பழைய கயிற்றுக் கிடங்கு ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள் என்று ஜமீலா எங்கோ படித்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கால்வாய்ப் படித்துறையில் ஒரு வயலின் கச்சேரி. அந்த ஒரு வயலினுக்காகத்தான் அவள் தேதியே குறித்தாள். மூன்று நாள் பயணம். அதற்காக எனக்கு ஒரு பேண்ட் எடுத்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மூணு நாளும் வயலைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது."

"வல்லாஹி, திறக்க மாட்டேன்," என்று சத்தியம் செய்தேன். ஆனால் பாருங்கள், அதே சனிக்கிழமைதான் எங்கள் மடைக்குத் தண்ணீர் முறை. பக்கத்து வயல் கருப்பையா மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். (உறவெல்லாம் இல்லை. எங்கள் பக்கம் இந்துக்கள் முஸ்லிம்களான எங்களை மாப்ள என்பார்கள், நாங்கள் அவர்களை மாமா என்போம். அது அப்படித்தான்.) "நீ போய்ட்டு வா மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொல்லியும் எனக்கு மனசு ஆறவில்லை. பஸ் மலையேறி மறுபக்கம் இறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். குமுளியிலிருந்து பார்த்தால் என் வயல் தெரியுமா என்ன?

சனிக்கிழமை காலையில் படகில் ஏறினோம். ஜமீலா முன்பக்கம் உட்கார்ந்து, தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டு வந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கலாம். நான் கால்வாயைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் நகரவே இல்லை. கரை நெடுக ஆகாயத்தாமரை. எனக்குக் கை பரபரத்தது. வயலைப் பற்றித்தானே பேசக் கூடாது, வாய்க்காலைப் பற்றிப் பேசலாமே என்று ஒரு வழி கண்டுபிடித்து, படகுக்காரரிடம் எனக்குத் தெரிந்த குமுளிச் சந்தை மலையாளத்தில், இந்தத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏக்கரோ? வள்ளம் போகானாணு, சேட்டா." படகு போவதற்காம்.

"அவ்வளவு தண்ணியும் படகு போறதுக்கு மட்டுமா!" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஜமீலா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு மணிநேரம் கேட்டும் தண்ணீர் கிடைக்காத கடைமடைக்காரன் மாதிரி வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் கலைக்கூடம். முதல் கூடத்தில் இருபது படம் இருந்திருக்கும். நான்கு நிமிசத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு திரும்பிப் பார்த்தால், ஜமீலா முதல் படத்தின் முன்னாலேயே நிற்கிறாள். ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற படம். வேறொன்றும் இல்லை.

"இதுல என்ன இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லங்க. சும்மா உக்காந்திருக்கா. எம்புட்டு நல்லாருக்கு பாருங்க."

நானும் பார்த்தேன். எனக்கு ஜன்னலில் கொசுவலை இல்லாதது மட்டும்தான் பட்டது. "நீ பாரு, நான் பின்னால காத்து வாங்கிட்டு வாறேன்" என்று நழுவினேன். மடத்தனம் அங்கேதான் ஆரம்பித்தது.

பின்பக்கம் இரண்டு படி ஏறினால் ஒரு நீளக் கூடம். உள்ளே ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில்கூட எனக்கு அடையாளம் தெரியும். தண்ணீர் போகக் கூடாத பக்கம் போகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். யா அல்லா! கூடத்துக்குள் ஒரு வயல். நிஜ மண், நிஜ வரப்பு, ஒரு மூலையில் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. தெற்கு வரப்பில் முழங்கை அகலத்துக்கு உடைப்பு. தண்ணீர் அத்தனையும் அது வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்பாரில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அடுத்தவன் வயல் என்றாலும், அவனுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்றாலும், போகிற வழியில் உடைப்பைப் பார்த்துவிட்டால் தாண்டிப் போகக் கூடாது. இறங்கி அடைத்துவிட்டுத்தான் போகவேண்டும். என் நிக்காஹ் அன்றைக்கே காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு உடைப்பை அடைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனவன் நான். மாப்பிள்ளைச் சட்டையில் அந்தச் சேற்றுக் கறை இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவன் இதைப் பார்த்துவிட்டு சும்மா வருவேனா?

சுவரில் ஒரு பலகை நிறைய என்னவோ எழுதியிருந்தது. படிக்கவில்லை. சுற்றிலும் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஆடு மாடு உள்ளே வராமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன். (மாடிக் கட்டடத்துக்குள் எந்த ஆடு வரும் என்று என் மகள் இன்றுவரை கேட்கிறாள்.) செருப்பைக் கழற்றினேன், பேண்ட்டைச் சுருட்டினேன், கயிற்றைத் தாண்டினேன். மூலையில் ஒரு மம்பட்டி வேறு சாத்தி வைத்திருந்தார்கள். வேலைக்காரன் டீ குடிக்கப் போயிருப்பான், பாவம், என்று நினைத்து அதை எடுத்தேன். அந்த மம்பட்டியும் கலையில் ஒரு பகுதி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஐந்தே நிமிசம். நல்ல களிமண். வெட்டிப் போட்டு, மிதித்து, கையால் மெழுகி, வரப்பை வரப்பாக்கிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். ஒரு பெண் கை தட்டினாள். ஊர் விட்டு ஊர் வந்து வேலைக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

அப்போது காவலாளி ஓடிவந்தார். "அய்யோ சேட்டா! எந்தா ஈ செய்யுன்னே!"

"உடைப்பு எடுத்திருந்துச்சு. அடைச்சாச்சு. பயப்படாதீக," என்று அவருக்கே தைரியம் சொன்னேன்.

குழாய்த் தண்ணீருக்கு நான் அடைத்த வழியைத் தவிர வேறு வழி கிடையாது என்பது அந்த நேரத்தில்தான் தெரியவந்தது. வயல் நிரம்பியது. வடக்கு வரப்பு மேலே வழிந்தது. வழிந்த தண்ணீர் தரையில் பரவி, இரண்டு படி இறங்கி, ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தது. படமெல்லாம் சுவரில் உயரத்தில் இருந்ததால் தப்பித்தன. முதல் படத்தின் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்த ஜமீலாவின் பாதத்தை மட்டும் நனைத்தது. அவள் குனிந்து பார்த்தாளாம். சேற்றுத் தண்ணீர். யாரையும் எதுவும் கேட்காமல் நேரே பின்கூடத்துக்கு வந்தாள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் மம்பட்டியும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்தாள். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள், அவ்வளவுதான்.

பொறுப்பாளர் அம்மா நல்ல மனுசி. சத்தம் போடவில்லை. குழாயை நிறுத்திவிட்டு, இது ஓவியருடைய படைப்பு, அவர் வந்து சொல்லாமல் மண்ணைத் தொட முடியாது, கோட்டயத்திலிருந்து கிளம்பிவிட்டார், நீங்கள் பேரை எழுதிவைத்துவிட்டுப் போகலாம் என்றார். மணி ஐந்து. படித்துறை கூப்பிடு தூரம். போயிருக்கலாம்.

நான் போகவில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன், ஓடுறதுக்கு? அவரு வரட்டும். உடைப்பை அடைச்சது நல்லதா கெட்டதான்னு நேர்ல கேட்டுட்டுத்தான் போவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரோசம்! முப்பது வரி எழுதியிருக்கிற பலகையைப் படிக்காதவனுக்கு எதற்கு இத்தனை ரோசம் என்று இப்போது நினைத்தால் எனக்கே என்னை இரண்டு போடலாம் போலிருக்கிறது.

"நீ வேணும்னா கச்சேரிக்குப் போ. நான் முடிச்சுட்டு வாறேன்," என்றேன் ஜமீலாவிடம்.

"நீங்க இல்லாம நான் மட்டும் போயி என்ன செய்யப் போறேன்?" என்று அவளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு வயலின் ஆரம்பித்தது. அலுவலக அறையில் பாதி திறக்கிற ஒரு ஜன்னல். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்டது, அந்தப் பக்கம் திரும்பினால் நின்றது. ஜமீலா நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசினேன். களிமண் எப்படி, வரப்பு எப்படி, குழாயை அந்த மூலையில் வைத்ததே எப்படித் தப்பு, வடக்கே ஒரு போக்குமடை வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது, ஓவியர் வந்தால் என்ன கேட்கவேண்டும், கேட்டால் அவர் என்ன சொல்லுவார், சொன்னால் நான் என்ன சொல்லவேண்டும். முக்கால் மணிநேரம் மூச்சு விடாமல் பேசினேன்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்," என்றாள் ஜமீலா. கோபமாகக்கூட இல்லை. நான் வாயை மூடினேன். தூரத்தில் கைதட்டல் கேட்டது. கச்சேரி முடிந்துவிட்டது.

ஓவியர் வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். தாடி வைத்த ஒரு மனுசர், நாற்பது வயது இருக்கும், தமிழ் நன்றாகப் பேசினார். நான் அடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல வேலை சேட்டா. ஆனா இது உடைஞ்சேதான் இருக்கணும்."

"எதுக்கு?" என்றேன்.

"எங்க அச்சனோட, அப்பாவோட வயல் இது. ஒரு மழையில உடைஞ்சது. அந்தப் பக்கம் எத்தனையோ பேர் போனாங்க. யாரும் இறங்கலை."

கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் எனக்கு மறந்துபோனது. அவரே மம்பட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். அடைத்தவரே பழையபடி உடைத்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று சிரித்தார். வாங்கி ஓங்கினேன். கை இறங்கவில்லை. இன்னொருத்தர் வரப்பை வெட்டுவது எங்கள் ஊரில் வெட்டுக்குத்து வரை போகிற சமாச்சாரம். இது பொம்மை வயல்தான் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் கை கேட்கவில்லை. மூன்று தடவை ஓங்கி மூன்று தடவை நின்றேன்.

"தள்ளுங்க," என்றாள் ஜமீலா. சேலையைத் தூக்கிச் செருகினாள், கயிற்றைத் தாண்டினாள், மம்பட்டியைப் பிடுங்கினாள். ஒரே போடு! பதினெட்டு வருசத்துப் பிரசவ வீடும் மையத்து வீடும் கடைசி பஸ்ஸும் அந்தப் போடில் இருந்தன. தண்ணீர் குபுகுபுவென்று போனது. ஓவியர் ஒரு நிமிசம் அதையே பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்ததைவிட இதுதான் சரி" என்றார்.

படித்துறைக்குப் போனோம். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காலி மேடைக்கு எதிரே படியில் உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்துக் கருப்பையா மாமாவின் போன்.

"மாப்ள, நம்ம வயல்ல மேல வரப்பு உடைஞ்சிருச்சு. பதறாத. மார்க்கையன்கோட்டைக்காரவுக ரெண்டு பேரு ரோட்டுல போனாகளாம். அவுகளே இறங்கி அடைச்சுட்டுப் போய்ட்டாக. நீ இருந்து மெதுவா வா."

மெதுவா வா என்றுதான் சொன்னார். இன்னும் ஒரு முழு நாளும் ஒரு படகுப் பயணமும் பாக்கி இருந்தன. நான் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு ஜமீலாவை எழுப்பினேன். குமுளியில் டீ குடிக்கும்போது, "அடுத்த வருசம் போவோம்" என்றேன். "ம்" என்றாள்.

அந்த அடுத்த வருசம் இன்னும் வரவில்லை. கதை மட்டும் எங்கள் வீட்டில் ஊறிக்கொண்டே இருக்கிறது. குழாய் ஒழுகினாலும், கூரை ஒழுகினாலும், ரஷீதா கூப்பிடுவது பிளம்பரை இல்லை. "அத்தா, உடைப்பு!" என்று ஒரு சத்தம். ஜமீலாவுக்கு வேறு பெருமை. "இவுக வேலை ரெண்டு மணிநேரம்தான் நின்னுச்சு. நான் வெட்டுனது கண்காட்சி முடியிறவரைக்கும் அங்கன இருந்துச்சு. நம்ம வம்சத்துலயே கலைக்கூடத்துல இடம் பிடிச்ச ஆளு நான்தான்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடிந்ததும் அந்தப் பாதி ஜன்னல் ஞாபகம் வரும்.

ரஷீதா இப்போது நெதர்லாந்தில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்காக ஜமீலா போய் ஒன்றரை மாசம் ஆகிறது. புத்தகத்துப் படத்தில் இருந்த மாதிரியே ஊர். பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கால்வாயோரம் நடக்கிறாள், படம் பார்க்கிறாள், தெருவில் யாராவது வாசித்தால் நின்று கேட்கிறாள். தினமும் போட்டோ அனுப்புகிறாள். பெஞ்சில் உட்கார்ந்த போட்டோ எல்லாவற்றிலும் ஒரு ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது. நான் இங்கே இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு வாய் டீ இறங்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நேற்று வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் கால்வாய், படகு. யாரோ ஒரு கிழவர் பாலத்தடியில் வயலின் வாசிக்கிறார். போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அந்தக் கால்வாயில் தண்ணீர் நகரவே இல்லை, அது என் கண்ணில் பட்டது. நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். முழுசாக ஒரு பாட்டு முடியும்வரை மூச்சு விடவில்லை.

"ஏங்க? என்ன சத்தத்தையே காணோம்? லைன் கட்டாயிருச்சா?"

"இருக்கேன். கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அப்புறம் நான் சொன்னேன், பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன், கிடைத்தால் அடுத்த மாசம் வருகிறேன் என்று.

"அடுத்த மாசமா? தண்ணி முறை இருக்கே."

"கருப்பையா மாமாகிட்டச் சொல்லியாச்சு."

"உடைப்பு எடுத்தா?"

"எடுக்கட்டும். ரோட்டுல போறவுக யாராச்சும் இறங்கி அடைப்பாக."

போன் ஆடியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"வாங்க. ஆனா இங்கன வந்து எதையும் தொடாதீக."